சர்க்காருடன் ஒப்பந்தம்: வாய்ச்சொல்லும் கையெழுத்தும்

சர்க்கார் வாங்குகிறதென்றால் பணத்துக்குப் பயமில்லை என்பது நம் சங்கங்களில் வழங்கும் பேச்சு. ஒரு வகையில் அது உண்மையே. தனி வியாபாரி நொடித்துப் போகலாம்; சர்க்கார் நொடித்துப் போவதில்லை. ஆயினும் சர்க்காருக்குச் சரக்கு கொடுத்துவிட்டு ஆண்டுக் கணக்கில் அலைந்தவர்களும், வழக்காடி வெறுங்கையுடன் திரும்பியவர்களும் உண்டு. அவர்களிற் பலருடைய குறை சரக்கில் இருக்கவில்லை, காகிதத்தில் இருந்தது. அக் குறை எங்கே நேர்கிறது, அதனை எவ்வாறு தவிர்ப்பது என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். ஒரு நெசவாளர் சங்கத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் உத்தியோகஸ்தர் வருகிறார். 3,000 படுக்கை விரிப்புகள் அவசரமாக வேண்டும் என்கிறார். மாதிரியைப் பார்க்கிறார்; விலையும் பேசி முடிக்கிறார். "காகிதம் பின்னால் வரும், நீங்கள் தறியில் ஏற்றிவிடுங்கள்" என்று சொல்லிப் போகிறார். சங்கம் கூட்டுறவு வங்கியில் கடன் பெற்று, நூல் எடுத்து, 20 தறிகளில் பாவு ஏற்றுகிறது. நெய்தவர்களுக்குக் கூலியும் கொடுத்தாகிவிட்டது. இரண்டு மாதங்கள் கழித்துச் சிப்பங்கள் கட்டி நிற்கும் வேளையில் அந்த உத்தியோகஸ்தர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், "அப்படி ஓர் உத்தரவு எங்கள் கோப்பில் இல்லையே" என்கிறார். வங்கிக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. சங்கம் என்ன செய்யலாம்?

இரண்டு தனி மனிதர்களுக்குள் நடந்த பேச்சாயின் சட்டம் சங்கத்துக்கு உதவும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சாலும் ஒப்பந்தம் உண்டாகும். சாட்சி வைத்து நிரூபித்தால் போதும். ஆனால் எதிர்த் தரப்பு சர்க்காராக இருக்கும்போது இவ் விதி மட்டும் போதாது. அரசியல் சட்டத்தின் 299-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது.

299-ஆவது பிரிவு கேட்பது என்ன?

மத்திய சர்க்காரோ மாநில சர்க்காரோ தன் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு செய்யும் ஒவ்வோர் ஒப்பந்தமும் மூன்று நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும் என்பது அப் பிரிவின் சாரம். முதலாவது, ஒப்பந்தம் குடியரசுத் தலைவராலோ ஆளுநராலோ செய்யப்படுவதாக அதில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, அவர் சார்பாக அது கையொப்பமிடப்பட வேண்டும். மூன்றாவது, அதற்கென அதிகாரம் அளிக்கப்பட்டவரே, விதித்த முறைப்படி, அதில் கையொப்பமிட வேண்டும்.

இவ் விதி புதிதன்று. 1935-ஆம் ஆண்டின் இந்திய சர்க்கார் சட்டத்தில் 175-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவாக ஏறக்குறைய இதே வாசகம் இருந்தது. இதன் காரணமும் எளிதில் விளங்கக்கூடியதே. சர்க்காருக்கு எண்ணற்ற உத்தியோகஸ்தர்கள் உண்டு. அவர்களில் யார் எங்கே என்ன வாக்குக் கொடுத்தாலும் பொதுப் பணம் அதற்குப் பிணை என்று ஆகிவிட்டால், கஜானாவுக்குக் காவலே இராது. ஆகவேதான் சர்க்காரைக் கட்டுப்படுத்தும் கையெழுத்து எது என்பதைச் சட்டம் குறுக்கி வைத்திருக்கிறது. அந்தக் காவலின் பாரத்தை நம்மைப் போன்றோர் சுமக்க நேர்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். அதே 299-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி, சர்க்கார் சார்பாகக் கையொப்பமிட்ட உத்தியோகஸ்தர் அவ் ஒப்பந்தத்துக்குத் தம் சொந்தப் பொறுப்பில் கடமைப்பட்டவர் அல்லர்.

இரண்டு வழக்குகள்

சட்டத்தின் வாசகத்தைவிட வழக்குகளே இதனை நன்கு விளக்கும். 1943-இல் கிழக்கிந்திய ரயில்வேயின் டிவிஷனல் சூப்பிரண்டெண்டு ஒருவர் பிக்ராஜ் ஜைபூரியா என்னும் வியாபாரியிடம் உணவு தானியங்கள் வாங்கக் கடித மூலம் ஆர்டர் கொடுத்தார். வியாபாரி தானியத்தைச் சேகரித்தார். ரயில்வே நிர்வாகம் ஒரு பகுதியை ஏற்றது. மீதியை ஏற்க மறுத்தது. மறுக்கப்பட்ட தானியத்தை வியாபாரி ஏலத்தில் விற்று, குறைந்த தொகையை நஷ்டஈடாகக் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1961-இல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த ஆர்டர்கள் கவர்னர் ஜெனரலின் பெயரில் எழுதப்படவில்லை. அவர் சார்பாகக் கையொப்பமிடப்படவும் இல்லை. ஆகவே அவை சர்க்காரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் ஆகா என்று கோர்ட்டு கூறியது. ஆர்டர் கொடுத்தவருக்கு அதிகாரம் இருந்தும் அது போதவில்லை என்பதே இவ் வழக்கின் பாடம்.

மற்றொரு வழக்கு வங்காளத்தைச் சேர்ந்தது. 1944-இல் சிவில் சப்ளைஸ் இலாகா உத்தியோகஸ்தர்களின் வேண்டுகோளின்படி பி. கே. மண்டல் கம்பெனியார் ஆரம்பாக் என்னும் ஊரில் கொட்டகைகளையும் மண் பாதையையும் அமைத்துக் கொடுத்தனர். இலாகாவும் அவற்றைப் பயன்படுத்திக் கொண்டது. பணம் கேட்டபோது, முறையான ஒப்பந்தம் இல்லை என்று சர்க்கார் வாதாடியது. முறையான ஒப்பந்தம் இல்லை என்பதைச் சுப்ரீம் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. எனினும் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவின்படி சர்க்கார் ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்று 1961 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

இந்த 70-ஆவது பிரிவு நம் சங்கங்களுக்கு ஒரு கடைசிப் பாதுகாப்பு எனலாம். ஒருவர் மற்றொருவருக்குச் சட்ட விரோதமல்லாத முறையில் ஒரு காரியம் செய்கிறார், அல்லது ஒரு பொருளைக் கொடுக்கிறார். இலவசமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. பெற்றவர் அதன் பலனை அனுபவிக்கிறார். இம் மூன்றும் இருந்தால், பெற்றவர் ஈடு கொடுக்க வேண்டும். அல்லது பொருளைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் இதன் எல்லையையும் அறிய வேண்டும். கிடைப்பது பேசிய விலை என்பது உறுதியன்று, நியாயமான மதிப்பே. மேலும் சர்க்கார் சரக்கை ஏற்றுப் பயன்படுத்தியிருந்தால்தான் இப் பிரிவு உதவும். வேண்டாம் என்று மறுத்துவிட்டால் உதவாது.

இப்பொழுது நம் உதாரணத்துக்கு மீண்டும் வருவோம். விரிப்புகள் ஆஸ்பத்திரிக் கட்டில்களில் விரிக்கப்பட்டிருந்தால் சங்கத்துக்கு ஏதோ ஒரு தொகை கிடைக்க வழியுண்டு. சிப்பமாகச் சங்கக் கிடங்கிலேயே நின்றுவிட்டால் ஜைபூரியாவின் தானியத்துக்கு நேர்ந்த கதிதான். "காகிதம் பின்னால் வரும்" என்ற சொல்லை நம்பிப் பாவு ஏற்றிய அன்றே அந்த நஷ்டம் தொடங்கிவிட்டது.

எது ஒப்பந்தம், எது அன்று?

இதனால் ஒவ்வொரு சிறு ஆர்டருக்கும் முத்திரைத் தாளில் பெரிய பத்திரம் எழுத வேண்டும் என்று எண்ணிவிடலாகாது. டெண்டரும் அதனை ஏற்றுக்கொண்ட கடிதமும் சேர்ந்தே ஒப்பந்தம் ஆகலாம் என்று 1963-இல் ரல்லியா ராம் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. ஏற்புக் கடிதம் ஆளுநருக்காகவும் ஆளுநர் சார்பாகவும், அதிகாரம் பெற்றவரால் கையொப்பமிடப்பட்டிருக்கிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது.

பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. இவ்வளவு துணி வாங்கலாம் என்று அரசாணை ஒன்று வெளிவருகிறது. அதனைக் கண்டதும் ஆர்டர் வந்துவிட்டதாகவே சங்கத்தார் மகிழ்கின்றனர். அரசாணை என்பது சர்க்கார் தன் இலாகாவுக்குக் கொடுக்கும் அனுமதி. சங்கத்தின் டெண்டரை ஏற்றதாகச் சங்கத்துக்குத் தெரிவிக்கும் கடிதம் வேறு. கோப்பில் எழுதிய குறிப்பு எவ்வளவு சாதகமாயினும், நம்மிடம் வந்து சேராதவரை நமக்கு உரிமை தராது.

எதிர்த் தரப்பு யார் என்பதையும் தெளிந்துகொள்ள வேண்டும். 299-ஆவது பிரிவு மத்திய, மாநில சர்க்கார்களுக்கே உரியது. நகராட்சி, ஊராட்சி, வாரியம், சர்க்கார் கம்பெனி முதலியவற்றுக்கு அதனதன் சட்டமும் விதிகளும் உண்டு. யார் கையொப்பமிட வேண்டும் என்பதை அவற்றிலே பார்க்க வேண்டும். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் சர்க்காரின் ஆதரவு பெற்றதாயினும் கூட்டுறவுச் சங்கமே. அதனுடன் செய்யும் ஒப்பந்தம் சாதாரண ஒப்பந்தச் சட்டத்துக்கு உட்பட்டது.

2016 முதல் மத்திய சர்க்கார் இலாகாக்கள் 'ஜெம்' என்னும் இணையச் சந்தையின் வழியே சரக்கு வாங்கத் தொடங்கின. அங்கே காகிதத்துக்குப் பதில் மின்னணு ஆவணம் வருகிறது. ஆயினும் வாங்குவோர் யார், யார் சார்பில், என்ன ஷரத்தில் என்ற கேள்விகள் மாறவில்லை. அந்த ஆவணத்தை அச்சிட்டுக் கோப்பில் சேர்த்தல் நலம்.

டெண்டர் போடும்போது

தமிழ்நாட்டில் சர்க்கார் கொள்முதலுக்கு 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத் தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும் உள்ளன. டெண்டர் அறிவிப்பில் சொன்ன அளவுகோல்களின்படி மதிப்பிட்டு, தகுதியுள்ள டெண்டர்களிற் குறைந்ததை ஏற்க வேண்டும் என்பது இச் சட்டத்தின் நோக்கம். விலை பேசுவதாயின் குறைந்த டெண்டர் கொடுத்தவருடனே பேச வேண்டும். முடிவினால் பாதிக்கப்பட்ட டெண்டர்தாரர், உத்தரவு கிடைத்த 10 நாட்களுக்குள் சர்க்காருக்கு மேல்முறையீடு செய்யலாம்.

தான் வகுத்த தகுதியைத் தானே மீறச் சர்க்காருக்கு உரிமை இல்லை என்பதை 1979-இல் ரமண தயாராம் ஷெட்டி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு உறுதிப்படுத்தியது. பம்பாய் விமான நிலையத்தில் உணவு விடுதி நடத்தும் ஒப்பந்தம், அறிவிப்பில் கேட்ட அனுபவம் இல்லாத ஒருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அது முறையன்று எனக் கோர்ட்டு கூறியது. ஆனால் வழக்குத் தொடுத்தவர் தாமதித்து வந்தார் என்பதும் ஒரு காரணமாக, கொடுத்த ஒப்பந்தத்தைக் கோர்ட்டு கலைக்கவில்லை. நியாயம் நம் பக்கம் இருந்தாலும் நாளைக் கடத்தினால் பலன் இராது என்பதை இதிலிருந்து உணரலாம்.

வைப்புத் தொகையின் கதி

சர்க்கார் ஒப்பந்தங்களில் இரண்டு வகைத் தொகைகள் பிடிக்கப்படுகின்றன. டெண்டருடன் கட்டுவது ஒன்று. ஒப்பந்தம் கிடைத்தபின் ஒழுங்காக நிறைவேற்றுவதற்கு ஜாமீனாகக் கட்டுவது மற்றொன்று. டெண்டர் போட்டபின், குறித்த காலத்துக்குள் அதனைத் திரும்பப் பெற்றால் முதல் தொகை பறிபோகும். அது செல்லும் என்று 2003-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆகவே நூல் விலையை ஆராயாமல் டெண்டரில் விலை எழுதுவது ஆபத்து.

இரண்டாம் தொகையின் நிலை வேறு. மௌலா பக்ஷ் என்பவர் 1947-இல் ஐக்கிய மாகாண ராணுவத் தலைமையிடத்துக்கு உருளைக்கிழங்கும், கோழி, முட்டை, மீன் முதலியனவும் கொடுக்க இரண்டு ஒப்பந்தங்கள் செய்து, 10,000 ரூபாயும் 8,500 ரூபாயுமாக ஜாமீன் கட்டினார். ஒழுங்காகச் சரக்கு கொடுக்க அவரால் இயலவில்லை. சர்க்கார் ஒப்பந்தங்களை ரத்துச் செய்து 18,500 ரூபாயையும் பறிமுதல் செய்தது. குறை அவர்மீதே இருந்தும், 1969-இல் சுப்ரீம் கோர்ட்டு அத் தொகையை வட்டியுடன் திருப்பித் தரச் சொல்லிற்று. வெளியில் என்ன விலைக்கு வாங்கினோம், எவ்வளவு நஷ்டம் என்று சர்க்கார் எளிதில் நிரூபித்திருக்கலாம், நிரூபிக்கவில்லை. ஆகவே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி முழுவதையும் எடுத்துக்கொள்ள இயலாது என்பது தீர்ப்பு. காய்கறி கொடுக்கும் விவசாயச் சங்கத்தார் இவ் வழக்கை நினைவில் வைக்க வேண்டும். மழையினாலோ வறட்சியினாலோ ஒரு வாரம் சரக்கு தவறினால், ஜாமீன் முழுவதும் போயிற்று என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. உண்மையான நஷ்டம் என்ன என்று எழுத்து மூலம் கேட்கலாம்.

பணம் வரும் காலம்

முறையான ஒப்பந்தம் இருந்தும் பணம் தாமதமாவது நம் சங்கங்களின் நெடுநாட் குறை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறது. குறு, சிறு தொழில்கள் உற்பத்தி செய்த பொருளை விற்கும் கூட்டுறவுச் சங்கமும் அச் சட்டத்தில் சரக்களிப்போர் என்னும் சொல்லில் அடங்கும். வாங்கியவர் குறித்த தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தேதி எதுவாயினும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேற்படக்கூடாது. தேதியே குறிக்காவிடில் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிடப்படும். இதைக் கேட்டுப் பெறக் குறு, சிறு தொழில்கள் வசதிக் குழுவிடம் முறையிடலாம்.

'ஏற்ற நாள்' எது என்பதிலும் சட்டம் நமக்குத் துணை செய்கிறது. சரக்கு கொடுத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிடில், கொடுத்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். ஆகவே சிப்பங்களை இறக்கும்போது தேதியிட்ட பற்றுச் சீட்டு வாங்காமல் திரும்பலாகாது. அந்தத் துண்டுச் சீட்டே பிறகு வட்டிக் கணக்கின் தொடக்கம்.

இச் சட்டத்தின் பயனைப் பெற விரும்பும் சங்கம், ஒப்பந்தம் செய்யும் முன்பே 'உத்யம்' பதிவைப் பெற்றிருப்பது நலம். பின்னால் செய்த பதிவு முன்னால் கொடுத்த சரக்குக்கு உதவுமா என்பது கோர்ட்டுகளில் வாதத்துக்கு இடமாகியிருக்கிறது. விளைபொருளை அப்படியே விற்கும் விவசாயச் சங்கத்தார், தமக்கு இச் சட்டம் பொருந்துமா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாகக் காலக்கெடு. விற்ற சரக்கின் விலைக்கு வழக்குத் தொடுக்க 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டுகளே தருகிறது. கடன் உண்டென்று உரியவர் அக் காலத்துக்குள் கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். "நிதி வந்ததும் தருகிறோம்" என்று வாயாற் சொல்வது காலத்தை நீட்டாது. சர்க்கார்மீது வழக்குத் தொடுக்கும் முன், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீசும் கொடுத்தாக வேண்டும். ஆகையால் மூன்றாம் ஆண்டின் கடைசி மாதத்தில் வக்கீலைத் தேடிப் போவது சரியன்று.

சங்கம் செய்ய வேண்டியது

நம் பக்கத்துக் கையெழுத்தும் சரியாக இருத்தல் வேண்டும். சங்கத்தின் சார்பில் டெண்டரிலும் ஒப்பந்தத்திலும் கையொப்பமிடுபவர் தலைவரா, செயலாளரா என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். டெண்டர் அறிவிப்பு, நாம் அனுப்பிய டெண்டர், ஏற்புக் கடிதம், மாதிரித் துணி, பற்றுச் சீட்டுகள், பட்டியல், ஆட்சேபக் கடிதங்கள் ஆகிய யாவும் ஒரே கோப்பில் தேதி வாரியாக இருக்கட்டும். மாதிரித் துணியில் இரு தரப்பாரும் கையொப்பமிட்டு முத்திரை வைத்தல் நலம். இழையெண்ணைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் பின்னால் எழும் சச்சரவு பெரும்பாலும் அதனாலேயே தீரும்.

உத்தியோகஸ்தர் வாயால் ஆர்டர் கொடுத்தால் அவரிடம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அன்று மாலையே சங்கம் ஒரு கடிதம் எழுதலாம்: "தாங்கள் இன்று நேரில் கேட்ட 3,000 விரிப்புகளை இன்ன விலைக்குத் தரச் சித்தமாயிருக்கிறோம். ஆளுநர் சார்பில் ஏற்புக் கடிதம் கிடைத்ததும் தறியில் ஏற்றுவோம்." நேர்மையான உத்தியோகஸ்தர் இதனைத் தவறாக எண்ணமாட்டார். அவருக்கும் தம் மேலிடத்தில் காகிதம் பெற இக் கடிதம் உதவும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் ஒரு சிறு தீர்மானம் நிறைவேற்றலாம். சர்க்கார் ஆர்டர் எதுவாயினும், எழுத்து மூலமான ஏற்புக் கடிதத்தை இருவர் படித்துப் பார்த்துக் குறிப்பெழுதும் வரையில் அதற்காக நூல் எடுப்பதில்லை, பாவு ஏற்றுவதில்லை, விளைச்சலை ஒதுக்கி வைப்பதில்லை என்பதே அத் தீர்மானம். இதனால் சில ஆர்டர்கள் ஒரு வாரம் தாமதமாகலாம். ஆனால் சங்கத்தின் பங்குப் பணமும், நெசவாளரின் கூலியும், விவசாயியின் விளைச்சலும் ஓர் உத்தியோகஸ்தரின் மாற்றல் உத்தரவை நம்பி நிற்கவேண்டியிராது.